கடைசி வசனத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள்

ஜோசையா பெனிஃபோல்டுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. நாக்கில் குறை ஒன்றுமில்லை. லண்டனில் லாம்பெத் பக்கத்து நாடகக் கொட்டகைகளுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவருக்கு நாக்கில் என்ன குறை இருந்துவிடப் போகிறது? ஆனால் வாசலில் ஒருவர் வந்து நின்று ஏதாவது கேட்டுவிட்டால் போதும், மனிதர் தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டி வாங்கியதில் வீட்டில் ஒரு கூடை நிறையக் குடைகள், வாசிக்கத் தெரியாத ஒரு செல்லோ, யாரென்றே தெரியாத ஒரு பிஷப்பின் பெரிய படம் எல்லாம் சேர்ந்திருந்தன. தெரு வியாபாரிகள் காலையில் அவர் வீட்டிலிருந்துதான் கிளம்புவார்கள். போணி நிச்சயம்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். தாயில்லாப் பெண் ஹெஸ்டர், வளர்ந்து நின்றவள், நானும் நடிக்கப் போகிறேன் என்று சமையலறையில் வந்து கேட்டாள். நாடகக் கம்பெனியின் லட்சணம் நாடகக்காரனுக்குத்தானே தெரியும். "முடியாது" என்றார். ஹெஸ்டர் அழவில்லை, சண்டை போடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள். வடக்கே எங்கோ வேறு பெயரில் நடிக்கிறாள் என்று கேள்வி. எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து பெனிஃபோல்டுக்கு அந்தச் சொல் மேலேயே பயம் வந்துவிட்டது. அதைச் சொன்னால் எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் பெட்டியைத் தூக்கிவிடுவார் என்று மனதுக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அதுவரை அவர் எழுதியதெல்லாம் பிரெஞ்சுச் சரக்கு. பாரிஸில் ஓடிய நாடகத்தின் மீசையை மழித்து, பெயரை மாற்றி, லாம்பெத்தில் இறக்கிவிடுவார். ஊரே அப்படித்தான் செய்தது, யாரும் வெட்கப்படவில்லை. 'மீனவன் வீடு' ஒன்றுதான் அவர் வயிற்றிலிருந்து வந்தது. அதில் ஒரு கிழ மீனவன். அவன் மகள் என்றோ வீட்டைவிட்டுப் போனவள், மேடைக்கு வருவதே இல்லை. புயல் இரவில் நல்ல கப்பல் தலைவன் ஒருவனும் கெட்ட ஜமீன்தார் ஒருவனும் அந்த வீட்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாகிறார்கள். வேலைக்காரப் பெண் விளக்கோடு வந்து கதவைச் சாத்தப் போகிறாள். அப்போது கிழவன் சொல்கிறான்: "கதவு திறந்தே இருக்கட்டும். அவள் வருவாள்." அவ்வளவுதான், திரை.

மற்ற வசனம் எதைப் பற்றியும் பெனிஃபோல்டுக்குக் கவலை இல்லை. அந்தக் கடைசி வசனத்தை மட்டும் மேடையில் ஒருவர் சொல்லி, கொட்டகை முழுக்கக் கேட்டுவிட வேண்டும். நாடகக்காரர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், எதையும் வாயில் வைத்திருக்க மாட்டார்கள். இங்கே சொன்னது எப்படியும் வடக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. விலாசம் தெரியாத மகளுக்கு அவரால் எழுத முடிந்த கடிதம் அது ஒன்றுதான்.

நாடகத்தை எடுத்தது மிஸஸ் பிளண்டலின் கம்பெனி. முதலாளியம்மாள். கணவர் விட்டுப்போன கொட்டகையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். கிழவனாக லம்லி, கப்பல் தலைவனாகக் கதாநாயகன் ட்ரெவெல்லா, ஜமீன்தாராக வில்லன் கிரேக். மூவருக்கும் அவரவர் பேச வேண்டிய வசனம் மட்டும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கப்பட்டது. முழு நாடகத்தை நடிகன் கையில் கொடுத்தால் அடுத்த கொட்டகைக்காரனுக்கு விற்றுவிடுவான் என்பதால் அந்த வழக்கம். எனவே நாடகத்தில் மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் சொல்ல முடியாது.

வசனம் கைக்கு வந்த மறுநாள் தபால் ஆரம்பித்தது. லாம்பெத்தில் நடிகர்கள் எழுத்தாளரோடு நேரில் சண்டை போடுவது மரியாதைக் குறைவு. எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றாலும் குறையைச் சொல்ல வீட்டுக்குப் போய்த்தான் கடிதம் போட வேண்டும்.

முதல் கடிதம் ட்ரெவெல்லாவுடையது. 'மதிப்புக்குரிய ஐயா, திரை விழும்போது நான் தரையில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கால்களைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கும் சீமாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? நான் பிழைக்க வேண்டும். கடைசி வசனமும் எனக்கே தேவை.' பெனிஃபோல்டு கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார். ட்ரெவெல்லா பெட்டி கட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. உடனே கடைசிப் பக்கத்தை ஒரு துண்டுத் தாளில் மாற்றி எழுதினார். கிரேக் சாகிறான், கிழவனும் சாகிறான், கப்பல் தலைவன் மட்டும் நிமிர்ந்து நின்று கதவு வசனத்தைச் சொல்கிறான். 'நம் இருவருக்குள் இருக்கட்டும்' என்று அடியில் ஒரு வரி சேர்த்துத் தபாலில் போட்டார்.

அடுத்தது கிரேக். அவன் கடிதத்தில் கண்ணீர்க் கறை இருந்தது, அல்லது பியர்க் கறை. 'ஐயா, என் நடிப்பு வாழ்க்கை முழுவதும் எல்லோருக்கும் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறேன். நாடகங்களின் முடிவு எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. என் பிள்ளைகள், அப்பா இன்றைக்கு எப்போது சாவாய், சாப்பாட்டுக்கு வந்துவிடுவாயா என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு தரம் நான் திருந்தி, உயிரோடு இருந்து, ஒரு நல்ல வார்த்தை பேசி முடிக்கக் கூடாதா?' இதற்கு யாரால் மறுக்க முடியும்? பெனிஃபோல்டு அவனுக்கும் ஒரு துண்டுத் தாள் அனுப்பினார். அதில் மற்ற இருவரும் சாகிறார்கள். அதற்கும் அடியில் அதே வரி.

லம்லி கிழவர் கடைசியாக எழுதினார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. 'மற்ற இருவரும் ரொம்பச் சந்தோஷமாகத் திரிகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. கதவு வசனம் எனக்குத்தானே?' என்று மட்டும் கேட்டிருந்தார். பெனிஃபோல்டு, 'உங்களுக்கேதான்' என்று எழுதினார். எழுதிவிட்டு, ஏதோ சரியில்லை என்று அவருக்கே தோன்றத்தான் செய்தது. ஒத்திகையில் எப்படியும் வெளிப்பட்டுவிடும், அப்போது முதலாளியம்மாள் சத்தம் போட்டு ஒரு வழி செய்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தூங்கப் போனார்.

ஒத்திகையில் வெளிப்படவில்லை. நாடகத்தின் கடைசி வசனத்தை முதல் நாளுக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னால் விளங்காது என்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள நம்பிக்கை. மற்ற இடங்களில் அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடுவார்கள். மிஸஸ் பிளண்டலோ ஒரு படி மேலே. முன்பு ஒருவன் வாய் தவறிக் கடைசி வரியைச் சொல்லிவிட, அன்றைக்கே கூரை விளக்கு அறுந்து வாத்தியக்காரன் மடியில் விழுந்தது. அதனால் அவள் கொட்டகையில் கடைசிப் பக்கத்தையே யாரும் தொடக் கூடாது. துப்பாக்கியை நீட்டும் இடம் வந்ததும் எல்லோரும் தொப்பியை எடுத்துக்கொண்டு கறி அப்பம் தின்னப் போய்விடுவார்கள். மூன்று நடிகர்களும் ஒருவரையொருவர் பார்த்து இரக்கத்தோடு சிரித்துக்கொள்வதை பெனிஃபோல்டு பார்த்தார். அவருக்கு அப்பம் இறங்கவில்லை.

முதல் நாள் கொட்டகை நிரம்பியிருந்தது. பெனிஃபோல்டு மேடையோரம் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புயல் அடித்தது, இடி இடித்தது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. கப்பல் தலைவனும் ஜமீன்தாரும் துப்பாக்கியை நீட்டினார்கள், இரண்டும் ஒன்றாக வெடித்தன. புகை கலைந்தது. இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவர் விழட்டும் என்று மற்றவர் பார்த்தார். பிறகு ட்ரெவெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், விழுய்யா" என்றான்.

"நான் எதுக்கு விழணும்? நீதான் விழணும்" என்றான் கிரேக்.

"எனக்கு எழுதிக் குடுத்திருக்காங்கய்யா."

"எனக்கும்தான் குடுத்திருக்காங்க."

கிழவர் லம்லி நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இந்த இருவரும் எப்போது சாவார்கள், நான் எப்போது வாயைத் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், உங்களுடைய காயங்களைப் பார்த்தால் பிழைக்க மாட்டீர்கள் போலிருக்கிறதே என்று இருவருக்கும் பொதுவாக ஒரு வசனத்தைச் சொந்தமாகப் போட்டார். குண்டு பொத்தானில் பட்டுவிட்டது என்றான் ட்ரெவெல்லா. பைபிளில் பட்டுவிட்டது என்றான் கிரேக். ஜமீன்தார் எந்தக் காலத்தில் பைபிள் வைத்திருந்தார் என்று மாடியில் இருந்த மேல் வகுப்பிலிருந்து ஒருவன் கேட்டான். அங்கே பிடித்துக்கொண்டது சிரிப்பு.

அதன் பிறகு நடந்ததை பெனிஃபோல்டு பாதிக் கண்ணால்தான் பார்த்தார். ட்ரெவெல்லா கிரேக்கைக் கத்தியால் குத்தினான். கிரேக் நன்றி சொல்லிவிட்டுக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தான். இருவரும் சேர்ந்து, கிழவருக்கு வயதாகிவிட்டது, தூக்கம் வந்திருக்கும் என்று அவரைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். கிழவர் நாற்காலிக் காலைக் காலால் பின்னிக்கொண்டார். விளக்கோடு வந்த வேலைக்காரப் பெண், கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் கை வலிக்க நின்றுகொண்டிருந்தாள். கொட்டகை இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாவு, சாகாதே என்று கத்தியது. கடைசியில் மூவரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்து கதவு வசனத்தை மூன்று குரலில் கத்தினார்கள். ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. திரை விழுந்தது, கூரை போகிற அளவுக்குக் கைதட்டல்.

பெனிஃபோல்டு ஓடிப் போய் முதலாளியம்மாள் காலில் விழத் தயாராக இருந்தார். அவளோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தோளைத் தட்டினாள்.

"இப்படி ஒரு கூத்து வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே, மிஸ்டர் பெனிஃபோல்டு. தெனம் இதேதான். கடைசியில என்னமோ கத்துறாங்களே, அதுக்கு மேல பேண்டு வாத்தியத்தை விட்டுக்கலாம். சரிதானே?"

சரி என்றார் பெனிஃபோல்டு. வேறென்ன சொல்வார்.

நாடகம் ஓடியது ஓட்டம். ஊரில் பந்தயம் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நடிகர்கள் நாளுக்கொரு விதமாகச் சாகாமல் இருந்தார்கள். தலையில் உத்தரம் விழுந்தது, விஷம் குடித்தார்கள், ஒரு நாள் கிரேக் கடலுக்குள் போய்விட்டுச் சாப்பிடத் திரும்பி வந்தான். மூவரும் தினம் தவறாமல் பெனிஃபோல்டுக்குக் கடிதம் எழுதினார்கள், மற்ற இருவரும் கண்ணியமாகச் செத்துத் தொலைந்தால் என்ன என்று. மூவருக்கும் ஆமாம், உண்மைதான் என்று அவர் பதில் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பெயர் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. அவரோ இரவு வீட்டுக்கு வந்து, அந்த வசனத்தைப் பிஷப் படத்துக்கு முன்னால் தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு படுத்தார். அழுகை வந்தது, அழுதார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. வேலைக்காரப் பெண்ணாக நடித்தவள் ஒரு சிப்பி வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட, அந்த வேஷத்துக்கு ஆள் தேவை என்று நாடகப் பத்திரிகையில் விளம்பரம் போயிருந்தது. பதில் எழுதியவள் பெயர் மிஸ் வேல், வடக்கே ஹல் நகரத்துக் கம்பெனி. பெயரைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் பெனிஃபோல்டு நின்ற இடத்திலேயே குடைக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டார்.

'ஐயா,' என்று தொடங்கியிருந்தாள். அப்பா என்று இல்லை. 'உங்கள் நாடகத்தில் வேலைக்காரி வேஷத்தை ஏற்கத் தயாராக இருக்கிறேன். பத்திரிகைக்காரர், கடைசி வசனம் யார் காதிலும் விழுவதில்லை, ஏதோ கதவைப் பற்றியது என்று மட்டும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அது எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். என் நிபந்தனைகள்: அந்த வசனம் எனக்கு வேண்டும். அதைச் சொல்லும்போது மேடையில் வேறு யாரும் உயிரோடு இருக்கக் கூடாது. பேண்டு வாத்தியம் கூடாது. ஒத்துவராவிட்டால் தெரியப்படுத்தவும், எனக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.'

எல்லா நடிகர்களும் எழுதுகிற மாதிரியேதான் எழுதியிருந்தாள். பெனிஃபோல்டு சந்தோஷத்தில் அறைக்குள் மூன்று சுற்று சுற்றினார். நான்காவது சுற்றில்தான் விஷயம் உறைத்தது. இவளுக்குச் சரி என்று சொன்னால் மூன்று நடிகர்களுக்கும் முதலாளியம்மாளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும்.

எழுதிப் பார்த்தார். 'அன்புள்ள மிஸ்டர் ட்ரெவெல்லா, வருத்தத்தோடு தெரிவிப்பது' என்று ஆரம்பித்த கடிதம் மூன்றாவது வரியில் அவனுக்குக் கூடுதலாக ஒரு குதிரையைக் கொடுத்து முடிந்தது. கிரேக்குக்கு எழுதியது இன்னும் மோசம், அதில் அவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. எழுத்தில் கை பழக்கத்துக்குப் போய்விடுகிறது என்று தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்கு நடந்தார். எழுத்தாளர் கடிதம் இல்லாமல் குறை சொல்ல நேரில் வருவதைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து.

"முடியாது" என்றார் பெனிஃபோல்டு.

"என்ன முடியாது?" என்றாள் மிஸஸ் பிளண்டல். அவள் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"மூணு பேரும் சாகணும். துப்பாக்கி வெடிச்ச உடனே ரெண்டு பேரு. அதைப் பார்த்து நெஞ்சு வெடிச்சு லம்லி. ஒரு வார்த்தை பேசக் கூடாது. வசனம் வேலைக்காரிக்கு. பேண்டு கிடையாது."

ட்ரெவெல்லா கால்களைப் பற்றி ஆரம்பித்தான். முடியாது என்றார். கிரேக், அப்படியானால் இவன் முதலில் சாகட்டும், நான் ஒரு மூச்சு பின்னால் வருகிறேன் என்றான். அதற்கும் முடியாது என்றார். சொல்லச் சொல்ல வந்தது. யாரும் பெட்டியைத் தேடவில்லை. லம்லி மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சார், யாராவது செத்துப்போன்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். முட்டி வலி தாங்கல" என்றார்.

மிஸஸ் பிளண்டல் நாற்காலியில் சாய்ந்தாள். "ஜனம் இவங்க சாகாததைப் பார்க்கத்தான் வருது. செத்தா நாளைக்கு ஒரு ஈ காக்கா வராது. சனிக்கிழமை ஒரு நாள் தரேன். அன்னைக்கு ராத்திரியே நாய்க் கம்பெனியைக் கூப்பிட்டுருவேன். பாவாடை கட்டிக்கிட்டு ஆடுற நாய்ங்க. சம்மதமா?"

சம்மதம் என்றார். தானாக வந்த சம்மதம், பழக்கத்தில் வந்ததல்ல.

சனிக்கிழமை துப்பாக்கிகள் வெடித்தன. புகை கலைந்தபோது இருவரும் தரையில் கிடந்தார்கள். லம்லி நெஞ்சைப் பிடித்தார், நாற்காலியிலேயே சுகமாகச் சாய்ந்தார். கொட்டகை காத்திருந்தது. யாரும் எழவில்லை. மேல் வகுப்பிலிருந்து, எழுந்திரு ட்ரெவெல்லா என்று ஒருவன் கூப்பிட்டான். சீமாட்டிகளும் கூப்பிட்டார்கள். அவன் கால் ஒரு தரம் துடித்தது. மேடையோரத்தில் பெனிஃபோல்டு தலையை இடமும் வலமும் ஆட்டினார், கால் அடங்கியது. அப்புறம் ஆரஞ்சுத் தோல் பறந்தது, சீட்டி பறந்தது, காசைத் திருப்பிக் கொடு என்று பெஞ்சைத் தட்டினார்கள்.

அந்த அமளியில் ஹெஸ்டர் விளக்கோடு வந்தாள். அன்று மத்தியானம்தான் ரயிலில் வந்திறங்கியவள், இன்னும் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கதவருகே போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கத்தினார்கள், நின்றாள். தோல் ஒன்று தோளில் பட்டது, துடைக்கவில்லை. கத்துகிறவர்களுக்கும் மூச்சு வாங்குமே. ஒருவர் ஒருவராக ஓய்ந்தார்கள். கடைசியில் மேலே யாரோ இருமுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"கதவு திறந்தே இருக்கட்டும். அவள் வருவாள்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. யாரும் கைதட்டவில்லை. கொஞ்சம் பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஏமாந்தவர்கள் போலவும் இல்லாமல் சிரித்தவர்கள் போலவும் இல்லாமல், பேசாமல் வெளியே போனார்கள்.

மேடைக்குப் பின்னால் நாய்கள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன. மிஸஸ் பிளண்டல் சொன்ன வார்த்தை தவறாதவள். பாவாடை கட்டிய நாய்களுக்கு நடுவே காலை எடுத்து எடுத்து வைத்து ஹெஸ்டர் அவரிடம் வந்தாள். முகத்தில் பூச்சு கலையாமல் இருந்தது. உறையிலிட்ட ஒரு கடிதத்தை நீட்டினாள். நடிகை எழுத்தாளரிடம் குறையை நேரில் சொல்லக் கூடாது அல்லவா.

பெனிஃபோல்டு பிரித்தார். 'ஐயா, 'கதவு திறந்தே இருக்கட்டும்' என்பதே போதும். 'அவள் வருவாள்' என்பது அதிகப்படி. நான் அங்கே நிற்கும்போது அது எல்லோருக்கும் தெரிகிறது. எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

படித்தார். இன்னொரு தரம் படித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அன்றைக்குச் சமையலறையில் நின்ற மாதிரியே. கையெட்டும் தூரத்தில் அவளுடைய பெட்டி இருந்தது, அதே பழைய பெட்டி.

"முடியாது" என்றார்.

ஒரு நாய் குரைத்தது. ஹெஸ்டர் குனிந்து பெட்டியைப் பிடித்தாள். சுவரோரமாக அதை இழுத்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, காலணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"சரி, இருக்கட்டும்" என்றாள். "பசிக்குதுப்பா. வீட்டுல ஏதாவது இருக்கா?"